காரும் கொம்பியூட்டரும்: எஞ்சின் லைற் எரிந்தால் என்ன செய்வது?



கடந்த மாதம் வாகனங்கள் பற்றி நான் வானலையில் பேசியதைக் கேட்ட நேயர்கள் பலர் தொலைபேசியில் அழைத்தார்கள். "காரில் மஞ்சள் லைற் ஒன்று எரிகிறது, ஓடலாமா?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். "கராஜில் கொம்பியூட்டர் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரிய தொகை சொல்கிறார்கள், நம்பலாமா?" என்றும் சிலர் கேட்டார்கள். வானலையில் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததை இந்த மடலில் விரிவாக எழுதும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். அதன்படி எழுதுகிறேன்.

கார்ப் பைத்தியங்கள் என்று எங்கள் வீட்டுக்காரர்கள் பெயர் வைத்திருக்கும் நண்பர்கள் நாங்கள் நாலைந்து பேர் மாதத்தில் ஒருமுறையாவது கூடுவோம். ஒருவர் ஊரிலே மெக்கானிக்காக இருந்தவர். எங்களுக்கு மூத்தவர் என்பதால் அவரை எல்லோரும் அண்ணை என்றுதான் அழைப்போம். ஒருவர் மினிகாப் ஓடுகிறார். இன்னொருவர் கணினித் துறையில் வேலை செய்கிறார். தேநீர் ஆறும்வரை கதை ஓடும். ஆரம்பத்தில் ரயர், பிறேக், எண்ணெய் என்றுதான் கதைத்தோம். இப்போது கதையில் பாதி கொம்பியூட்டர் பற்றியது. கீழே எழுதுவதில் பெரும்பகுதி அந்தக் கூடல்களில் கேட்டும் பார்த்தும் அறிந்ததுதான்.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

முதலில் எம்மவர்க்குத் தெரிந்த காரிலிருந்து தொடங்குவோம். யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடிய மொறிஸ் மைனரையும், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களையும் மறந்தவர் எம்மில் இருக்க முடியாது. கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவைதான் போயின. அவை பிறந்த நாடு நாம் இப்போது வாழும் இதே இங்கிலாந்துதான். மொறிஸ் மைனர் 1948இல் ஒக்ஸ்போர்ட் நகரத்துக் கௌலி தொழிற்சாலையில் வெளிவந்தது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரை வடிவமைத்தவரும் அவரே. பிரித்தானியாவில் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதலாவது கார் மொறிஸ் மைனர்தான். ஒஸ்ரின் கம்பனியின் தலைமைத் தொழிற்சாலை பேர்மிங்ஹாமில் லோங்பிறிட்ஜ் என்ற இடத்தில் இருந்தது. 2005இல் எம்.ஜி. றோவர் கம்பனி விழுந்தபோது அந்தத் தொழிற்சாலையும் ஓய்ந்தது.

1990 யூனில் மீண்டும் போர் தொடங்கிய பின் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் தடைப்பட்டன. மின்சாரமும் இல்லை. பெற்றோல் கிடைத்தாலும் போத்தல் கணக்கில், வாங்க முடியாத விலையில்தான் கிடைத்தது. அப்போது எமது மெக்கானிக்மார் அந்தப் பழைய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள். சிறு போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, ஒரு ரியூப் வழியாகக் காபரேற்றருக்கு விட்டு எஞ்சினை ஸ்ராட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் மணமும் வீதி முழுக்க இருக்கும். ஆனாலும் கார் ஓடியது. நோயாளர்கள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள்.

இது எப்படி முடிந்தது? காபரேற்றர் என்பது மூளையில்லாத ஒரு சாதனம். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது, அந்தக் காற்று ஒடுங்கிய குழாய் வழியாக வேகமாகப் போகும். வேகமாகப் போகும் இடத்தில் அமுக்கம் குறையும். அந்தக் குறைவு, சிறு துளை வழியாக எரிபொருளை இழுத்து காற்றோடு கலக்கும். உள்ளே வருவது பெற்றோலா மண்ணெண்ணெயா என்று அதற்குத் தெரியாது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால்தான் முதலில் பெற்றோலில் எஞ்சினைச் சூடாக்க வேண்டும்.

இரண்டாவது காரணம், அந்தக் கால எஞ்சின்களின் அழுத்தம் குறைவு. பழைய ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்கள் காற்றுக் கலவையை ஏறத்தாழ ஏழு மடங்குதான் அழுத்தின. இன்றைய பெற்றோல் எஞ்சின்கள் பத்து மடங்கும் அதற்கு மேலும் அழுத்துகின்றன. மண்ணெண்ணெயைக் கூடுதலாக அழுத்தினால் தானாக வெடித்து எஞ்சின் "டக் டக்" என்று தட்டும். அழுத்தம் குறைந்த எஞ்சின் என்றபடியால் அது தாங்கியது.

இது எமது மெக்கானிக்மார் மட்டும் செய்த காரியமல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த நாட்டு விவசாயிகள் ஓடிய பேர்கசன் ரக்ரர்களில் ஒரு வகை இதே முறையில்தான் ஓடியது. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய மலிவான எண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த ரக்ரரில் தொழிற்சாலையே அதற்கேற்ற ஏற்பாட்டைச் செய்து கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் தொழிற்சாலையும் இல்லை, கையேடும் இல்லை. கையில் இருந்ததை வைத்துச் செய்தார்கள்.

அதற்கு விலையும் இருந்தது. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வழியாகக் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயைத் தண்ணீராக்கும். பிளக்கில் கரி படியும். "கிழமைக்கு ரண்டு தரம் பிளக் கழட்டித் துடைச்சனாங்கள்" என்று அண்ணை இன்றும் சொல்வார்.

இங்கே அது ஏன் முடியாது?

இலண்டனுக்கு வந்த புதிதில் அண்ணை போன்றவர்களுக்கு இங்குள்ள கார்கள் அதிர்ச்சியாக இருந்தன. பொனற்றைத் திறந்தால் காபரேற்றர் இல்லை, வயர்கள்தான். இன்றைய காரில் எரிபொருளை அளந்து விடுவது ஒரு கணினி. ஈ.சி.யூ என்று சொல்வார்கள். எஞ்சினுக்குள் போகும் காற்று எவ்வளவு, எஞ்சின் எவ்வளவு சூடு, அது எந்த வேகத்தில் சுழல்கிறது, நீங்கள் பெடலை எவ்வளவு மிதித்தீர்கள் என்று பல சென்சர்கள் அதற்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். கணினி கணக்குப் பார்த்து, இன்ஜெக்ரரை ஒரு செக்கனின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் மட்டும் திறந்து மூடும்.

பிறகு தான் செய்தது சரியா என்றும் அதுவே பார்க்கும். புகைக் குழாயில் ஒட்சிசன் சென்சர் ஒன்று இருக்கிறது. வெளியேறும் புகையில் ஒட்சிசன் கூட இருந்தால் எரிபொருள் குறைவு, ஒட்சிசன் குறைந்தால் எரிபொருள் கூட. அதன்படி அடுத்த முறை கூட்டிக் குறைக்கும். ஊரில் மெக்கானிக் காதால் கேட்டு, ஸ்குறூட்றைவரால் திருகிச் செய்த அதே வேலைதான் இது. ஆனால் செக்கனுக்குப் பல தடவை நடக்கிறது. இந்தக் காருக்கு மண்ணெண்ணெய் விட்டால் சென்சரும் கற்றலிற்றிக் கொன்வேட்டரும் கெட்டுப்போகும்.

முதலில் எஞ்சினுக்கு மட்டும் கணினி இருந்தது. பின்னர் பிறேக்குக்கு ஒன்று, எயார்பாக்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று பெருகியது. இவை ஒன்றோடொன்று கதைக்க வேண்டுமே. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயர் ஓட்டினால் கார் முழுக்க வயராகிவிடும். அதனால் ஜேர்மனியின் பொஷ் கம்பனி 1986இல் கான் என்ற முறையை அறிமுகம் செய்தது. இரண்டு வயர்களில் எல்லாக் கணினிகளும் மாறி மாறிச் செய்தி அனுப்பும். ஒரே தொலைபேசி இணைப்பில் வீடு முழுக்கக் கதைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதினாறு கால் சொக்கெற்

கணினி தவறு ஒன்றைக் கண்டால் ஒரு குறியீட்டை நினைவில் பதிந்துவிட்டு மஞ்சள் எஞ்சின் லைற்றை எரிய வைக்கும். அந்தக் குறியீட்டைப் படிப்பதற்கான சொக்கெற் ஸ்ரியறிங்குக்குக் கீழே டாஷ்போர்ட் ஓரத்தில் பெரும்பாலும் இருக்கும். அதில் பதினாறு கால்கள். அமெரிக்காவில் 1996இலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் இது கட்டாயம். ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001இலும் டீசல் கார்களுக்கு அதற்குச் சில வருடங்கள் கழித்தும் கட்டாயமானது. ஆகவே இன்று எம்மவர் ஓடும் கார்களில் அநேகமாக எல்லாவற்றிலும் இது உண்டு.

இதில் செருகும் கருவியைச் சில பத்துப் பவுண்களுக்கு வாங்கலாம். புளூரூத் வழியாகக் கைத்தொலைபேசியோடு இணைத்தால் குறியீடு திரையில் வரும். வீட்டில் இருக்கும் பிள்ளை ஐந்து நிமிடத்தில் செய்துவிடும்.

இங்கேதான் எங்கள் நண்பர்களுக்குள் பெரிய வாதம் வந்தது. கணினி நண்பர், "மச்சான், அதுதான் கோட் வந்திட்டுதே, அந்தச் சாமானை மாத்தினாச் சரிதானே" என்றார். அண்ணை சிரித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கொம்பியூட்டர் எங்கை நோகுது எண்டுதான் சொல்லும். என்ன வருத்தம் எண்டு நாங்கள்தான் பாக்கோணும்."

இந்த ஒரு வாக்கியத்தை நேயர்கள் நினைவில் வைத்திருந்தால் போதும். மூன்று உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, பி0420 என்ற குறியீடு. கற்றலிற்றிக் கொன்வேட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பது இதன் பொருள். கணினிக்கு இது எப்படித் தெரியும்? கொன்வேட்டருக்கு முன்னால் ஒரு ஒட்சிசன் சென்சர், பின்னால் ஒன்று. முன்னால் உள்ளது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கொன்வேட்டர் நன்றாக இருந்தால் பின்னால் உள்ளது ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். இரண்டும் ஒரே மாதிரி ஆடினால் கணினி இந்தக் குறியீட்டைப் போடும். ஆனால் பின் சென்சருக்குப் பக்கத்தில் குழாயில் சிறு ஓட்டை இருந்து வெளிக்காற்று புகுந்தாலும் இதே குறியீடு வரலாம். சென்சர் பழுதானாலும் வரலாம். ஓட்டையை ஒட்டுவதற்கும் கொன்வேட்டர் மாற்றுவதற்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டாவது, பி0171. கலவையில் எரிபொருள் குறைவு என்று இது சொல்லும். உடனே ஒட்சிசன் சென்சரை மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். சென்சர் பாவம், அது உண்மையைத்தான் சொல்லியிருக்கும். வெடித்த ஒரு றப்பர் குழாய் வழியாகக் காற்றுப் புகுந்திருக்கலாம். காற்றை அளக்கும் சென்சரில் அழுக்குப் படிந்திருக்கலாம். எரிபொருள் பம் பலவீனமாக இருக்கலாம்.

மூன்றாவது, பி0301. முதலாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. இதற்கு அண்ணை காட்டிய வழி மிக எளிது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் கொயில் உள்ள காரில், முதலாவது கொயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் போடுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு ஓடிப் பாருங்கள். இப்போது பி0302 வந்தால் கொயில்தான் பழுது, ஏனென்றால் பழுது கொயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. பழைய குறியீடே வந்தால் கொயில் நல்லது. பிளக்கையோ இன்ஜெக்ரரையோ பாருங்கள். பணம் செலவில்லாத சோதனை.

மினிகாப் நண்பருக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். மஞ்சள் லைற் எரிந்து ஒரு கராஜுக்குப் போனார். கருவியைச் செருகிவிட்டுக் கொன்வேட்டர் மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை அவருடைய இரண்டு கிழமைச் சம்பாத்தியம். காரை நிறுத்தினால் வருமானம் இல்லை, கார்க் கட்டணமும் காப்புறுதியும் நிற்காது. பிள்ளையின் பல்கலைக்கழகச் செலவு வேறு. கடன் வாங்கத் தயாராகிவிட்டார். அண்ணை காரைத் தூக்கி, எஞ்சின் குளிராக இருக்கும்போது ஸ்ராட் பண்ணி, குழாய்ப் பொருத்தில் கையைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "புஸ்" என்று காற்று வந்தது. கஸ்கெற் ஒன்று எரிந்துபோய் இருந்தது. அதை மாற்றினார்கள். லைற் திரும்ப வரவில்லை. கருவி பொய் சொல்லவில்லை. அது சொன்னதை யாரும் விசாரிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே கராஜில் பெரிய தொகை சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன குறியீடு வந்தது, எழுதித் தாருங்கள். அதன்பிறகு என்ன சோதனை செய்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்? கழற்றிய பழைய சாமானை எனக்குக் காட்டுவீர்களா? நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். இலண்டனில் நேர்மையான கராஜ்கள் நிறைய உண்டு. எம்மவர் நடத்தும் நல்ல கராஜ்களும் உண்டு. சோதனைக்கு எடுக்கும் நேரத்துக்கு அவர்கள் கூலி கேட்டால் அதைக் கொடுங்கள். பிழையான சாமான் மாற்றுவதை விட அது மலிவு.

நிறத்தைப் பாருங்கள்

லைற் எரிந்தால் ஓடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். மஞ்சள் எஞ்சின் லைற் நிலையாக எரிந்தால், கார் வழமைபோல ஓடினால், வீடு போய்ச் சேரலாம். ஆனால் விரைவில் காட்டுங்கள். அதே லைற் விட்டு விட்டு மின்னினால் சிலிண்டர் ஒன்று எரியாமல் பெற்றோல் அப்படியே கொன்வேட்டருக்குப் போகிறது. கொன்வேட்டர் அளவு மீறிச் சூடாகிக் கெட்டுவிடும். வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள்.

சிவப்பு லைற் வேறு. எண்ணெய்க் கெண்டி போன்ற சிவப்பு லைற் எரிந்தால் எஞ்சினில் எண்ணெய் அமுக்கம் இல்லை. பாதுகாப்பான இடம் கண்டவுடன் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். "அடுத்த சந்திவரை போவம்" என்று ஓடினால் எஞ்சினே போய்விடும். சிவப்புச் சூட்டு லைற்றுக்கும் அப்படியே. சூடாக இருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

எம்.ஓ.ரியும் யூலெஸும்

எம்.ஓ.ரி சோதனை இந்த நாட்டில் 1960இல் தொடங்கியது. அப்போது பத்து வருடம் பழைய வாகனங்களுக்குத்தான் அது. இன்று மூன்று வருடம் முடிந்த காருக்கு ஆண்டுதோறும் வேண்டும். 2018 மே 20இலிருந்து குறைகளை ஆபத்தானது, பெரியது, சிறியது என்று பிரிக்கிறார்கள். ஆபத்தானது என்று எழுதினால் அந்தக் காரை வீதியில் ஓடக்கூடாது.

அதே திருத்தத்தோடுதான் எஞ்சின் லைற்றும் சோதனைக்குள் வந்தது. 2003 யூலைக்குப் பின் வந்த பெற்றோல் கார், 2008 யூலைக்குப் பின் வந்த டீசல் கார் என்றால், எஞ்சின் லைற் எரிந்தபடி போனாலே பெயில். சிலர் சோதனைக்கு முதல்நாள் கருவியால் குறியீட்டை அழித்துவிட்டுப் போவார்கள். பழுது அப்படியே இருந்தால் லைற் சில நாளில் திரும்பவும் எரியும். காசும் நேரமும்தான் வீண்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு ஒரு பெரிய உதவி உண்டு. அரசாங்க இணையத்தளத்தில் காரின் இலக்கத்தைக் கொடுத்தால் அதன் எம்.ஓ.ரி வரலாறு முழுவதையும் இலவசமாகப் பார்க்கலாம். எந்த ஆண்டு எதில் பெயிலானது, ஒவ்வொரு முறையும் எத்தனை மைல் ஓடியிருந்தது என்று வரும். மைல் எண்ணிக்கை ஒரு வருடம் குறைந்திருந்தால் மீற்றரைத் திருப்பியிருக்கலாம். தெரிந்த பெடியன் விற்கிறான் என்றாலும் இதைப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.

ரயரையும் மறக்க வேண்டாம். தடத்தின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. குறைந்தால் ஒவ்வொரு ரயருக்கும் மூன்று புள்ளிகளும் 2,500 பவுண்வரை தண்டமும் வரலாம். 20 பென்ஸ் நாணயத்தைத் தடத்துக்குள் செருகிப் பாருங்கள். நாணயத்தின் வெளி விளிம்பு வெளியே தெரிந்தால் ரயரை உடனே காட்டுங்கள்.

அடுத்தது யூலெஸ். 2019 ஏப்ரல் 8இல் நகர மத்தியில் தொடங்கியது. 2021 ஒக்ரோபர் 25இல் நோர்த், சவுத் சேர்க்குலர் வீதிகள்வரை பரவியது. 2023 ஓகஸ்ட் 29இல் இலண்டனின் எல்லா நகரசபைப் பகுதிகளுக்கும் வந்தது. ஹரோ, ஈஸ்ட் ஹாம், ரூட்டிங், குறொய்டன், இல்பேர்ட் என்று எம்மவர் வாழும் இடங்கள் எல்லாம் உள்ளே. பெற்றோல் கார் யூரோ 4, டீசல் கார் யூரோ 6 தரத்தில் இருக்க வேண்டும். பொதுவாக 2006க்குப் பின் வந்த பெற்றோல் கார்களும் 2015 செப்ரெம்பருக்குப் பின் வந்த டீசல் கார்களும் தப்பும். தரமில்லாத கார் ஓடினால் நாளுக்கு 12.50 பவுண். நள்ளிரவிலிருந்து நள்ளிரவுவரை ஒரு நாள். ஆகவே இரவு 11 மணிக்குப் புறப்பட்டு 1 மணிக்கு வீடு வந்தால் இரண்டு நாள் கட்டணம். மண்டப விழாவுக்குப் போகும்போது நினைவிருக்கட்டும். கட்டாவிட்டால் தண்டம் 180 பவுண், 14 நாளில் கட்டினால் 90. கார் வாங்கும் முன் ரி.எப்.எல் இணையத்தளத்தில் இலக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். 2006க்கு முந்திய சில பெற்றோல் கார்களும் தரத்தில் உள்ளன.

இதில் ஒரு வேடிக்கை. நாற்பது வருடம் கடந்து, வரலாற்று வாகனம் என்று பதிந்த கார்களுக்கு யூலெஸ் கட்டணம் இல்லை. நாங்கள் ஊரில் ஓடிய மொறிஸ் மைனர் இங்கே ட்ரபால்கர் சதுக்கத்துக்கு யூலெஸ் கட்டாமல் போகலாம். 2012இல் வாங்கிய டீசல் காருக்கோ தெருமுனைக் கடைக்குப் போவதற்கும் 12.50 பவுண்.

டீசல்காரர்களுக்கு இன்னொரு சொல். அண்மைக் கால டீசல் கார்களில் கரியைப் பிடிக்கும் வடி ஒன்று, டி.பி.எப் என்று, இருக்கிறது. அது நிறைந்ததும் காரே அதைச் சூடாக்கிக் கரியை எரித்துத் துப்புரவாக்கும். அதற்குக் கொஞ்ச நேரம் நிற்காமல் ஓடவேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, கடைக்குப் போய், வீடு வருவது மட்டுமே ஓட்டம் என்றால் வடி அடைபடும். அப்படி ஓடுபவருக்கு டீசல் பொருந்தாது. வடியைக் கழற்றி வெட்டித் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் போகவேண்டாம். 2014 பெப்ரவரியிலிருந்து வடி கழற்றப்பட்டிருந்தால் எம்.ஓ.ரியில் பெயில். அந்தக் காரை வீதியில் ஓடுவதும் சட்டவிரோதம்.

கள்ளருக்கும் கொம்பியூட்டர் தெரியும்

ஊரில் கார்க் கள்ளர் கம்பியால் கதவைத் திறந்தார்கள். இங்கே கம்பி தேவையில்லை. சாவியைச் செருகாமல் பொக்கெற்றில் வைத்தபடி ஸ்ராட் பண்ணும் கார்களில், சாவி எப்போதும் மெல்லிய வானொலி அலை மூலம் காருக்குப் பதில் சொல்லத் தயாராக இருக்கும். கள்ளர் இருவர் வருவார்கள். ஒருவர் வீட்டுக் கதவடியில் ஒரு கருவியோடு, மற்றவர் காருக்குப் பக்கத்தில். உள்ளே மேசையில் இருக்கும் சாவியின் அலையை வாங்கிக் காருக்குக் கொடுப்பார்கள். சாவி பக்கத்தில் நிற்கிறது என்று கார் நம்பிவிடும். கண்ணாடி உடையாது, சத்தமும் இல்லை.

இதற்கு மருந்து மலிவானது. அலை புகாத உலோக உறைப் பையில் சாவியை வையுங்கள். உதிரிச் சாவியையும் வையுங்கள். பைக்குள் போட்டபின் காருக்குப் பக்கத்தில் நின்று கதவு திறக்கிறதா என்று சோதியுங்கள். அதற்கு மேல், பழைய காலத்து ஸ்ரியறிங் பூட்டு ஒன்றும் போடுங்கள். சில கள்ளர் இப்போது முன்லைற் பக்கமாக வயரைப் பிடித்து, நான் முன்னே சொன்ன கான் வயரிலேயே பொய்ச் செய்தி அனுப்பிக் காரை எடுக்கிறார்கள். அதற்குச் சாவிப் பை உதவாது, இரும்புப் பூட்டுத்தான் உதவும்.

கற்றலிற்றிக் கொன்வேட்டர் திருட்டும் அப்படித்தான். அதற்குள் பிளாற்றினம், பலேடியம், றோடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்கள் உண்டு. ஹைபிரிட் கார்களில் எஞ்சின் குறைவாக ஓடுவதால் கொன்வேட்டர் குறைவாகவே தேயும். அதனால் ரொயோட்டா பிறையஸ், ஹொண்டா ஜாஸ் போன்றவற்றைத் தேடி வெட்டினார்கள். மினிகாப் ஓடும் எம்மவர் பலர் பிறையஸ் வைத்திருப்பவர்கள். அடியில் பொருத்தும் காப்புத் தகடு போட்டால் வெட்ட நேரமெடுக்கும், கள்ளர் வேறிடம் போவார்கள். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் செம்மஞ்சள் நிற வயர்கள் உயிராபத்தான மின்னழுத்தம் உள்ளவை. எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் அதற்கெனப் பயிற்சி பெறாமல் அவற்றைத் தொடவேண்டாம்.

கொம்பியூட்டர் முன் சோதனை

சாரதி உரிமம் பற்றியும் சிலர் கேட்டார்கள். இலங்கை உரிமத்தை இங்கே நேரடியாக மாற்ற முடியாது. இங்கு குடியேறி 12 மாதம்வரை அதை வைத்து ஓடலாம். அதன்பின் இங்குள்ள சோதனை எடுத்தே ஆகவேண்டும். எழுத்துச் சோதனை 1996இல் வந்தது, 2000இலிருந்து கணினித் திரையில் நடக்கிறது. முன்பு அதைத் தமிழ்க் குரலில் கேட்டுச் செய்யலாம். எம்மவர் பலர் அப்படித்தான் சித்தியடைந்தார்கள். 2014 ஏப்ரல் 7இலிருந்து தமிழ் உட்பட வெளிநாட்டு மொழிக் குரல்களை நிறுத்திவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு போவதும் முடியாது. ஆகவே புதிதாக வந்த உறவுகள் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். வீட்டில் உள்ள பிள்ளைகள் ஒருநாளைக்கு அரை மணி நேரம் கூட இருந்து அந்தச் சொற்களை விளங்கப்படுத்தினால் பெரிய உதவி. உரிமம் இல்லாமல் ஓடினால் காப்புறுதி செல்லாது. விபத்து நடந்தால் குடும்பமே தெருவுக்கு வரும்.

மினிகாப் உரிமம் எடுக்க நினைப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். 2023 சனவரி 1இலிருந்து இலண்டனில் மினிகாப்பாக முதன்முறை உரிமம் பெறும் வாகனம், மின்சாரத்தில் மட்டும் குறித்த தூரம் ஓடக்கூடியதாக இருக்கவேண்டும். வயர் செருகிச் சார்ஜ் ஏற்றாத சாதாரண பிறையஸை வாங்கிப் புதிதாகப் பதியலாம் என்று யாரும் சொன்னால் நம்பி முற்பணம் கட்டவேண்டாம்.

அப்பாவும் பிள்ளையும்

நேயர்களே, எங்கள் கூடலில் நான் கண்ட நல்ல விடயம் ஒன்று. அண்ணையின் மகன் கருவியைச் செருகிக் கைத்தொலைபேசியில் குறியீட்டைப் படிப்பான். குறியீட்டின் பொருளை ஆங்கிலத்தில் தேடித் தகப்பனுக்குத் தமிழில் சொல்வான். தகப்பன் காதைக் கொடுத்துக் கேட்டு, மணந்து பார்த்து, இடத்தைத் தொட்டுக் காட்டுவார். ஒருவர் தனியே செய்தால் இருவருக்கும் பிழைக்கும்.

எம் வீடுகளில் தகப்பன்மார் பலர் இரவு பகலாகப் பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் நின்றவர்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து கதைக்க விடயமில்லாமல் போயிற்று. மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய கதையைச் சும்மா சொன்னால் பிள்ளை கைத்தொலைபேசியைப் பார்க்கும். பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, "காபரேற்றர் இருந்த இடத்தில் இப்ப இதுதான் இருக்கு" என்று சொன்னால் கேட்கும். வடமராட்சியில் ஒரு மெக்கானிக் ஏன் போத்தலும் ரியூப்பும் வைத்திருந்தார் என்றும், அந்தக் கார் ஓடாவிட்டால் யார் ஆஸ்பத்திரி போயிருக்க மாட்டார்கள் என்றும் அப்போதுதான் விளங்கும்.

இந்தச் சனி ஞாயிறில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எஞ்சின் எண்ணெய் அளவு, குளிர்நீர் அளவு, நாலு ரயர்களின் காற்றும் தடமும், எல்லா லைற்றுகளும், கண்ணாடி துடைக்கும் றப்பர், எம்.ஓ.ரி முடியும் திகதி ஆகிய ஆறையும் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். மகனை மட்டுமல்ல, மகளையும் கூப்பிடுங்கள். நடுவழியில் கார் நின்றால் அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் கேள்விகளை நிலையத்துக்கு அனுப்பி வையுங்கள். கேள்வியோடு குறியீட்டையும் காரின் ஆண்டையும் எழுதினால் பதில் சொல்ல எளிதாக இருக்கும். மின்சாரக் கார் வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு அடுத்த மடலில் எழுதுகிறேன். அதுவரை கவனமாக ஓடுங்கள்.